மயிரிழை ஆஃப்சைடு: கொடியா, கோடா, சென்சாரா?

2024 ஜூன் 29, டார்ட்மண்ட். யூரோ கோப்பையின் நாக் அவுட் ஆட்டத்தில் ஜெர்மனியும் டென்மார்க்கும். இடைவேளை முடிந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. டென்மார்க்கின் யோகிம் ஆண்டர்சன் பந்தை வலைக்குள் அடித்துவிட்டு ஓடினார்; அணியே அவர் மேல் விழுந்தது. அப்புறம் எல்லாரும் நின்றார்கள். ரீப்ளே பார்த்து நடுவருக்கு உதவும் வீடியோ நடுவர்களின் (வி.ஏ.ஆர்) அறையிலிருந்து தகவல் வந்தது. கோலுக்கு முன் தாமஸ் டிலேனியின் பூட்ஸ் நுனி டிஃபெண்டரைத் தாண்டியிருந்தது, ஆஃப்சைடு, கோல் இல்லை. சக வீரர் பந்தை ஆடும் கணத்தில், எதிரணிப் பாதியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் (கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர்) தாண்டி நிற்பதுதான் ஆஃப்சைடு இடம். அடுத்த சில நிமிடங்களில் அதே ஆண்டர்சனின் கையில் பந்து பட்டது. பந்துக்குள் இருந்த சென்சார் அதைக் காட்டிக்கொடுக்க, பெனால்டி. கை ஹாவர்ட்ஸ் அடித்தார். 1-0 என்று முன்னே போயிருக்க வேண்டிய அணி 0-1 என்று பின்னே போனது. கடைசியில் ஜெர்மனி 2-0. ஆட்டம் முடிந்ததும் டென்மார்க் கோச் காஸ்பர் யூல்மண்ட், அந்த ஆஃப்சைடு படத்தைத் தன் கைப்பேசியில் எடுத்து நிருபர்களிடம் காட்டினார். ஒரு சென்டிமீட்டர், அவ்வளவுதான் என்பது அவருடைய ஆதங்கம்.

அந்த இரவுக்குப் பிறகு என்னிடம் கால்பந்து பேசுகிறவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். "பழையபடி லைன்ஸ்மேன் கையிலேயே விட்டுவிடலாம்" என்பது ஒரு பக்கம். "அளந்து சொன்னால் சொன்னதுதான், சென்டிமீட்டராக இருந்தால் என்ன" என்பது இன்னொரு பக்கம். நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாம் "வி.ஏ.ஆர் வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்கிறோம். ஆனால் இன்று சர்வதேசக் கால்பந்தில் ஆஃப்சைடு பார்ப்பதற்கு ஒரே ஒரு முறை மட்டும் இல்லை, நான்கு இருக்கின்றன. உதவி நடுவரின் (லைன்ஸ்மேனின்) கண்ணும் கொடியும் மட்டும் ஒன்று. ரீப்ளேயை நிறுத்தி அதன்மேல் கோடு போடும் வி.ஏ.ஆர் இரண்டாவது. கேமராக்களும் பந்துக்குள் சென்சாரும் சேர்ந்த அரைத் தானியங்கி முறை மூன்றாவது. கோச் கேட்டால் மட்டும் ரீப்ளே பார்க்கும் முறையீட்டு முறை நான்காவது. இவை தனித்தனிக் குணம் உள்ளவை. ஒன்றின் குற்றத்தை இன்னொன்றின் தலையில் கட்டுவதால்தான் விவாதம் நகராமல் நிற்கிறது.

## எதை வைத்து அளப்பது?

துல்லியம் முதலில் வரும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் துல்லியத்திலேயே இரண்டு கேள்விகள் இருக்கின்றன: முடிவு சரியா, அந்த முடிவின் மேல் எவ்வளவு நிச்சயம் வைக்கலாம்? ஒரு மீட்டர் ஆஃப்சைடும் ஒரு சென்டிமீட்டர் ஆஃப்சைடும் விதிப்படி ஒன்றுதான். அளவிடும் கருவிக்கு அவை ஒன்றல்ல.

இரண்டாவது நேரம். கால்பந்தில் கோல் விழுவதே அபூர்வம். விழுந்த அந்த நொடியின் சந்தோஷத்தைப் பிடித்து நிறுத்தி வைப்பதற்கு ஒரு விலை உண்டு. மூன்றாவது, மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வீட்டில் பார்ப்பவருக்கும் முடிவு புரிகிறதா என்பது. நான்காவது செலவும் சமத்துவமும்: ஒரே தொடரில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறை, இன்னோர் ஆட்டத்துக்கு வேறு முறை என்று இருக்கக் கூடாது. மிக எளிய மைதானத்தில் எது முடியுமோ அதுதான் தொடர் முழுவதற்கும் அளவு. ஐந்தாவது, அந்த முறை ஆட்டத்தையே எப்படி மாற்றுகிறது என்பது. இதைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் ஆஃப்சைடு இடத்தில் இருக்கிறாரா என்ற கேள்விக்கு மட்டும்தான் பொருந்தும். ஆஃப்சைடைச் சொல்லும் விதி எண் 11 அங்கேயே நிற்பதில்லை. அந்த இடத்தில் நிற்பவர் ஆட்டத்தில் தலையிட்டாரா, எதிரணி ஆள் பந்தை வேண்டுமென்றே ஆடினாரா, இல்லை அவர்மேல் பட்டு வந்ததா என்றும் பார்க்கச் சொல்கிறது. 2021 நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிராகப் பிரான்ஸின் எம்பாப்பே அடித்த வெற்றி கோலை நினைத்துப் பாருங்கள். பாஸ் வந்தபோது அவர் ஆஃப்சைடு இடத்தில்தான் இருந்தார், எல்லாருக்கும் தெரிந்தது. ஸ்பெயினின் எரிக் கார்சியா காலை நீட்டிப் பந்தைத் தொட்டதால் அது புது ஆட்டம் என்று கொண்டு கோல் நின்றது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு, "வேண்டுமென்றே ஆடுவது" என்றால் என்ன என்று 2022-இல் விதி அமைப்பு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. எத்தனை கேமரா வைத்தாலும் இந்த வகைக் கேள்வியில் மனித மூளைதான் முடிவு சொல்ல வேண்டும்.

## கண்ணும் கொடியும் மட்டும்

உதவி நடுவர் செய்யும் வேலை எவ்வளவு கஷ்டம் என்று மைதானத்தின் பக்கக்கோட்டின் ஓரத்தில் ஒருமுறை நின்று பார்த்தால்தான் தெரியும். பந்தை உதைப்பவர் நாற்பது மீட்டர் தள்ளி ஒரு பக்கம். தாக்குபவரும் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரும் எதிர்ப் பக்கம். உதை நடந்த கணத்தையும் இவர்கள் நின்ற இடத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். கண் அங்கிருந்து இங்கே திரும்புவதற்குள் முன்னோக்கி ஓடுபவர் சில அடி போயிருப்பார், டிஃபெண்டர் எதிர்த் திசையில் வந்திருப்பார். சமமாக நின்றவரைக்கூடக் கண் முன்னால் இருப்பதாகவே காட்டும். அதுபோக, உதவி நடுவர் கோட்டுக்கு நேராக நிற்காமல் ஒரு மீட்டர் முன்னே பின்னே நின்றால் கோணமே மாறிவிடும். இத்தனைக்கும் நடுவில் அவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நல்ல பக்கம்: முடிவு உடனே. கொடி எழுந்ததா இல்லையா, அவ்வளவுதான். கோல் என்றால் கோல். செலவும் இல்லை, எல்லா மைதானத்துக்கும் ஒரே நீதி.

கெட்ட பக்கத்தைப் பார்க்க 2010 ஜூன் 27-க்குப் போக வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை ஆட்டம், அர்ஜென்டினா, மெக்சிகோ. மெஸ்ஸியின் பந்தைக் கார்லோஸ் தெவேஸ் தலையால் முட்டிக் கோலாக்கியபோது அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் ஒரு மெக்சிகோ ஆளும் இல்லை. மைதானத்தின் பெரிய திரையில் ரீப்ளே ஓடியது. மெக்சிகோ வீரர்கள் திரையைக் காட்டி உதவி நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் ரொபெர்ட்டோ ரொசெட்டி உதவி நடுவரிடம் பேசினார். ரீப்ளேயை வைத்து முடிவை மாற்ற விதியில் அன்று இடமில்லை. கோல் நின்றது. ஸ்டேடியம் முழுக்கத் தெரிந்த உண்மை நடுவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்ற விதி எவ்வளவு கொடுமையானது! ஃபிஃபா தலைவர் பிளாட்டர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ரொசெட்டி பிற்காலத்தில் வி.ஏ.ஆர் திட்டத்தில் பணியாற்றி, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் நடுவர் பிரிவுக்கே தலைவரானார்.

ரீப்ளேயை எல்லாரும் பார்க்கும் காலத்தில் பெரிய தொடர்களை இந்த முறையில் மட்டும் நடத்துவது இனி முடியாது. ஒளிபரப்பே இல்லாத ஆட்டங்களுக்கு, ஒன்றிரண்டு கேமரா மட்டும் உள்ள சிறிய தகுதிச் சுற்றுகளுக்கு இதுதான் சரி. அங்கே காசு இருந்தால் முதலில் உதவி நடுவரின் பயிற்சிக்குப் போட வேண்டும்.

## ரீப்ளேயை நிறுத்தி, கோடு போட்டு

2018 மார்ச்சில் வி.ஏ.ஆர் கால்பந்து விதிப் புத்தகத்துக்குள் வந்தது. அதே ஆண்டு ரஷ்ய உலகக் கோப்பையில் அரங்கேறியது. கசானில் தென் கொரியா ஜெர்மனிக்கு எதிராக, 90 நிமிடத்துக்குப் பிறகான இழப்பீட்டு நேரத்தில் அடித்த கோலுக்கு ஆஃப்சைடு கொடி எழுந்தது. ரீப்ளே பார்த்தபோது பந்து கிம் யோங் குவோனிடம் வந்தது ஜெர்மானிய வீரர் ஒருவர் மேல் பட்டு என்று தெரிந்தது. கோல் கொடுக்கப்பட்டது, நடப்புச் சாம்பியன் ஜெர்மனி வெளியேறியது. இந்த மாதிரித் தவறுகளைத் திருத்துவதற்கு வி.ஏ.ஆர் அருமையான கருவி. தெவேஸ் கோல் இன்று நிற்கவே நிற்காது.

சிக்கல் நெருக்கமான ஆஃப்சைடில்தான். கோடு எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். பாஸ் கொடுத்தவரின் கால் பந்தில் முதலில் படும் ஃப்ரேமை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். டிஃபெண்டரின் உடலில் கோலுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளியைக் குறிக்கிறார்: தோளோ, முழங்காலோ, பாதமோ. அந்தப் புள்ளியிலிருந்து தரைக்கு ஒரு செங்குத்து இறங்குகிறது, அங்கிருந்து கோல் கோட்டுக்கு இணையாக ஒரு கோடு. தாக்குபவருக்கும் அப்படியே. கையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதால் தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். அக்குளின் அடிமட்டம்தான் எல்லை. ஜெர்சியின் மடிப்புக்குள் அக்குள் எங்கே இருக்கிறது என்று ஒரு மனிதர் கண்ணால் பார்த்து மௌஸால் குறிக்கிறார்.

நான் ஒருமுறை பதிவு செய்த ஆட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு இதை முயன்று பார்த்தேன். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினேன். ஒரு ஃப்ரேமில் பூட்ஸுக்கும் பந்துக்கும் நடுவில் புல் தெரிகிறது. அடுத்த ஃப்ரேமில் பந்து நீள்வட்டமாகக் கலங்கி, பூட்ஸை விட்டுப் போயே விட்டது. கால் பந்தில் பட்ட அந்தக் கணம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் படமே இல்லை. எந்த ஃப்ரேமை எடுப்பது? முதலாவதை எடுத்தால் அந்த ஃபார்வர்டு ஆன்சைடு, இரண்டாவதை எடுத்தால் ஆஃப்சைடு. இரண்டுமே நேர்மையான தேர்வுதான்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். நொடிக்கு 50 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 20 மில்லிநொடி. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஃபார்வர்டு அதற்குள் 16 சென்டிமீட்டர் போயிருப்பார். டிஃபெண்டர் எதிர்த் திசையில் நொடிக்கு 4 மீட்டர் வந்தால் அது 8 சென்டிமீட்டர். மொத்தம் 24, கிட்டத்தட்ட ஒரு சாண். கருவியின் தடுமாற்றமே ஒரு சாண் இருக்கும்போது, இரண்டு விரல்கடை வித்தியாசத்தில் கோலை ரத்து செய்ய அந்தக் கருவிக்குத் தகுதி கிடையாது. திரையில் வரும் அந்த மெல்லிய கோடு தன்னிடம் இல்லாத நிச்சயத்தை இருப்பதாகக் காட்டுகிறது. எனக்கு இந்த முறையின் மேல் உள்ள பெரிய வருத்தம் இதுதான்.

மறைமுக விலைகளும் உண்டு. ஃப்ரேம் தேடிக் கோடு போட நிமிடங்கள் ஆகும். அறைக்கும் மைதானத்துக்கும் நடுவே பேச்சு குழம்பலாம். 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாம், லிவர்பூல் லீக் ஆட்டத்தில் லூயிஸ் டியாஸின் சரியான கோல் ஆஃப்சைடாகவே போனது. வி.ஏ.ஆர் அறையில் இருந்தவர், மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டதாக நினைத்து "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார். அளவீடு சரி, முடிவு தப்பு.

இங்கிலாந்து லீக் 2021-22 பருவத்தில் கோட்டைத் தடிமனாக்கியது. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று பட்டால் ஆன்சைடு, தாக்கும் அணிக்குச் சாதகம். நல்ல திருத்தம் அது. அமெரிக்காவின் எம்.எல்.எஸ் லீக் 2017-இல் வி.ஏ.ஆர் கொண்டுவந்தபோது கோடே வேண்டாம் என்றது. ரீப்ளேயில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் மாற்றலாம், இல்லையென்றால் மைதானத்து முடிவே நிற்கும். கேமரா குறைவாக உள்ள தொடர்களுக்கு நான் கைகாட்டுவது இந்த வழியைத்தான்.

## கேமராவும் பந்துக்குள் சென்சாரும்

2022 கத்தார் உலகக் கோப்பையில் மைதானக் கூரைக்கடியில் 12 தனிக் கேமராக்கள் பொருத்தினார்கள். ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை, நொடிக்கு 50 முறை அவை பின்தொடர்ந்தன. அந்தத் தொடரின் அல் ரிஹ்லா பந்தின் நடுவே தொங்கிய சென்சார், நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. பாஸ் எப்போது போனது என்பதை இனி யாரும் ஃப்ரேம் பார்த்து ஊகிக்க வேண்டாம்; பந்தே சொல்லிவிடும். மேலே போட்ட கணக்கில் 20 மில்லிநொடி என்பது 2 மில்லிநொடியாகக் குறைகிறது. அந்த ஒரு சாண், இரண்டரை சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. இது சாதாரண முன்னேற்றம் இல்லை.

முதல் ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே சோதனை வந்தது. ஈக்வடாரின் என்னெர் வலென்சியா அடித்த கோல் ரத்து. பார்த்தவர்கள் யாருக்கும் ஏன் என்று புரியவில்லை. கத்தார் கோல்கீப்பர் முன்னேறி வந்துவிட்டதால் "கடைசிக்கு முந்தைய ஆள்" யார் என்ற கணக்கே மாறிவிட்டது என்பதும், ஈக்வடாரின் இன்னொரு வீரர் எஸ்த்ராடாவின் கால் அந்த ஆளைத் தாண்டியிருந்தது என்பதும் முப்பரிமாணப் படம் திரையில் வந்த பிறகுதான் விளங்கின. முடிவு சரி. ஆனால் அந்தப் படம் வரும்வரை உலகமே குழம்பியது. புரிவது ஏன் ஒரு தனி அளவுகோல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அடுத்த நாள்களில் சவூதி அரேபியாவுக்கு எதிராக அர்ஜென்டினா முதல் பாதியில் மட்டும் மூன்று முறை வலைக்குள் பந்தைப் போட்டும் மூன்றும் ஆஃப்சைடு. அதில் லவுத்தாரோ மார்ட்டினெஸ் அடித்த ஒன்று கண்ணுக்கு நல்ல கோல், வி.ஏ.ஆர் பார்த்து ரத்து செய்தது. தன் கோலை விட்டு வெகு முன்னே வந்து வரிசையாக நின்று, எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைக்க வலை விரித்த சவூதியின் துணிச்சலுக்குக் கிடைக்க வேண்டிய பலன் கிடைத்தது. 2-1 என்று ஜெயித்தார்கள். பழைய முறையாக இருந்தால் அந்த வலையில் ஓட்டை விழுந்திருக்கும். நெருக்கமான ஆஃப்சைடு என்றாலே நமக்குப் பாதிக்கப்பட்ட ஃபார்வர்டின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. சரியாக அடி எடுத்து வைத்த டிஃபெண்டருக்கும் நியாயம் வேண்டும் என்பதை அந்த ஆட்டம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பெயரில் உள்ள "அரை"யைக் கவனியுங்கள். இயந்திரம் எச்சரிக்கை தரும். உதை நடந்த கணத்தையும் கோட்டையும் மனிதர் சரிபார்த்த பிறகே நடுவருக்குத் தகவல் போகும். ஆட்டத்தில் தலையிட்டாரா இல்லையா என்பது முழுக்க மனிதரின் பொறுப்பு.

இதற்கும் மறைமுக விலை உண்டு. பணம் வெளிப்படையானது: கேமராக்கள், சென்சார் பந்து, ஆட்கள், ஒவ்வொரு மைதானத்திலும் அளவுதிருத்தம். நெரிசல் இன்னொன்று. கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு நின்றால் கேமராவுக்கு யார் கால் யாருடையது என்று தடுமாற்றம் வரும். 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் எஃப்.ஏ கோப்பையில் போர்ன்மவுத், வுல்வ்ஸ் ஆட்டத்தில் அப்படி நடந்து, கையால் கோடு போடத் திரும்பி, ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆட்டம் நின்றது.

எல்லாவற்றிலும் பெரிய விலை, கொடி தாமதமாவது. வீடியோ வந்த பிறகு உதவி நடுவர்கள் நெருக்கமான ஆஃப்சைடில் கொடியைத் தூக்காமல் காத்திருக்கிறார்கள். தூக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், பிறகு கோல் சரி என்று தெரிந்தாலும் திருப்பித் தர முடியாது. நியாயமான காரணம்தான். ஆனால் அந்தச் சில நொடிகளில் வீரர்கள் முழு வேகத்தில் மோதிக்கொள்கிறார்கள். 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் தைவோ அவோனியி, கொடி தாமதமான ஒரு நகர்வில் கோல் கம்பத்தில் மோதி, வயிற்றில் அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்குக் காயப்பட்டார். அளவீட்டின் துல்லியத்தைப் பேசும்போது இந்தக் காயத்தையும் தராசில் வைத்தே ஆக வேண்டும். தெளிவான ஆஃப்சைடு என்றால் இயந்திரமே உதவி நடுவரின் காதில் உடனே சொல்லிவிடும் ஏற்பாட்டை ஃபிஃபா 2025 கிளப் உலகக் கோப்பையில் பயன்படுத்தியது. இந்த முறையில் வந்த திருத்தங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காத்திருக்கும் நேரம் குறைந்தால் காயமும் குறையும்.

## கோச் கேட்டால் மட்டும்

கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஆட்டத்தில் இரண்டு முறையீடு. முறையீடு வென்றால் அது கணக்கில் கழியாது. தனி அறையும் வீடியோ நடுவரும் இல்லை. நடுவரே பக்கக்கோட்டருகே உள்ள திரையில் ரீப்ளே பார்த்து முடிவு சொல்வார். 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் ஃபிஃபா இதைச் சோதித்தது.

நெருக்கமான ஆஃப்சைடுக்கு இது பெரிய உதவி செய்யாது. கோடும் இல்லை, சென்சாரும் இல்லை; இரண்டு மூன்று கேமராக் கோணங்களில் நடுவரின் கண்தான். ஆனால் இந்த முறை துல்லியம் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. தெளிவான தவறைத் திருத்தும், மயிரிழையை விட்டுவிடும். தெவேஸ் கோல் மாதிரியானது இதிலேயே பிடிபட்டுவிடும். கோச் எப்போது கேட்பது, கடைசி நிமிடத்துக்கு ஒன்றை மிச்சம் வைப்பதா என்று ஆட்டத்துக்குள் புதிதாக ஓர் யோசனையும் நுழைகிறது. எதிரணியின் வேகத்தை உடைப்பதற்காகவே முறையீடு செய்யலாம் என்பது இதன் மறைமுக விலை. கேமரா குறைவாக உள்ள இளையோர் தொடர்கள், வசதி குறைந்த தேசிய அணிகளின் தகுதிச் சுற்றுகள் ஆகியவற்றுக்கு இது நல்ல தேர்வு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கொடி மட்டும் | கோடு போடும் வி.ஏ.ஆர் | அரைத் தானியங்கி | கோச் முறையீடு |
|---|---|---|---|---|
| தெளிவான தவறு பிடிபடுமா | சில நேரம் தவறும் | பிடிபடும் | பிடிபடும் | முறையீடு மிச்சமிருந்தால் |
| சென்டிமீட்டர் கணக்கு | முடியாது | முடிவதாகத் தோன்றும், முடியாது | பெருமளவு முடியும் | முயல்வதில்லை |
| நேரம் | உடனே | நிமிடக் கணக்கு | பெரும்பாலும் விரைவு, நெரிசலில் தாமதம் | கேட்டால் மட்டும் |
| ரசிகருக்குப் புரிவது | எளிது | கோடு வரும்வரை இல்லை | முப்பரிமாணப் படம் வந்தால் நன்றாக | ஓரளவு |
| செலவு | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | மிக அதிகம் | குறைவு |
| மறைமுக விலை | வெளிப்படையான அநீதி நிற்கும் | இல்லாத நிச்சயம், கொடித் தாமதம் | கொடித் தாமதம், எல்லாருக்கும் எட்டாது | ஆட்டத்தை உடைக்கும் தந்திரம் |

## விதியை மாற்றினால் தீருமா?

"கருவியை விடுங்கள், விதியை மாற்றுங்கள்" என்பவர்களும் இருக்கிறார்கள். முன்னாள் ஆர்சனல் கோச் ஆர்சென் வெங்கர் சொல்லும் யோசனை பிரபலம்: கோல் அடிக்கக்கூடிய உடல் பாகம் ஏதாவது ஒன்று டிஃபெண்டருடன் சமமாக இருந்தாலே ஆன்சைடு, உடல் முழுவதும் தாண்டி நடுவில் வெளிச்சம் தெரிந்தால்தான் ஆஃப்சைடு. கோல்கள் கூடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1925-இல் மூன்று எதிராளிகள் என்பதை இரண்டாகக் குறைத்தபோது இங்கிலாந்தில் கோல்கள் மளமளவென்று ஏறின. ஆனால் மயிரிழைப் பிரச்சினை இதில் தீராது. இன்று பூட்ஸ் முனையில் போடும் கோட்டை நாளை குதிகாலில் போடுவோம். சண்டை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாறும். அதோடு டிஃபெண்டர்கள் பயந்து பெட்டிக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. சவூதி ஆடிய அந்தத் துணிச்சலான ஆட்டம் அப்புறம் எங்கே கிடைக்கும்?

எனக்கு முக்கியமாகப் படுவது 1990-இல் வந்த மாற்றம். அதுவரை டிஃபெண்டருடன் சமமாக நின்றால் ஆஃப்சைடு. அந்த ஆண்டு அதை ஆன்சைடு ஆக்கினார்கள், தாக்குகிறவருக்குக் கை கொடுக்க. கண்ணால் பார்த்த காலத்தில் "சமம்" என்பதற்கு ஓர் அகலம் இருந்தது. ஒரு பாத அளவு முன்னே பின்னே இருந்தாலும் சமம்தான். மில்லிமீட்டரில் அளக்கத் தொடங்கியதும் அந்த அகலம் காணாமல் போய்விட்டது. இரண்டு உடல்கள் மில்லிமீட்டர் பிசகாமல் சமமாக நிற்பது என்பது நடக்காத காரியம். விதிப் புத்தகத்தில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது, மைதானத்தில் அதற்கு இடமில்லை. டிலேனியின் பூட்ஸ் நுனி விஷயத்தில் நம் மனம் ஒப்பாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். விதி எழுத்தின்படி சரி. விதி எதற்காக எழுதப்பட்டதோ அதன்படி சரியில்லை.

அந்த அகலத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வழிகள். ஒன்று கிரிக்கெட்டின் "அம்பயர்ஸ் கால்" போல, வித்தியாசம் ஓர் அளவுக்குள் இருந்தால் மைதானத்து முடிவே நிற்பது. எனக்கு முதலில் இதுதான் பிடித்திருந்தது. ஆனால் கால்பந்தில் உதவி நடுவர் நெருக்கமான கட்டத்தில் கொடியைப் பிடித்து வைத்திருக்கிறார். கோல் விழுந்த பிறகு ஊகமாகத் தூக்கும் கொடிக்கு அத்தனை அதிகாரம் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. இரண்டாவது, இங்கிலாந்தின் தடித்த கோடு போல அந்த அளவுக்குள் இருந்தால் எப்போதும் ஆன்சைடு என்பது. "அந்த அளவு ஐந்து சென்டிமீட்டர் என்றால், ஐந்தே கால் சென்டிமீட்டருக்குச் சண்டை வருமே" என்று கேட்பார்கள். வரும். ஆனால் அப்போது ரத்தாகும் ஒவ்வொரு கோலிலும் ஃபார்வர்டு நிச்சயமாக முன்னால் இருந்திருப்பார். சந்தேகத்தில் ஒரு கோலும் சாகாது.

## எந்தத் தொடருக்கு எது?

உலகக் கோப்பை, யூரோ, கோபா அமெரிக்கா, ஆசியக் கோப்பை போன்ற இறுதிச் சுற்றுகளுக்கு அரைத் தானியங்கி முறைதான். அங்கே காசும் இருக்கிறது, ஒரே தரத்தில் மைதானங்களும் இருக்கின்றன. ஆசியக் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் காலிறுதியிலிருந்துதான் வி.ஏ.ஆர், 2024 ஜனவரியில் கத்தாரில் தொடங்கிய தொடரில் அரைத் தானியங்கி முறையே வந்துவிட்டது. அதோடு சேர்த்து நான் கேட்பது இரண்டு. தாக்குபவருக்குச் சாதகமான ஒரு சிறு இடைவெளியை விதிப் புத்தகத்திலேயே எண்ணாக எழுத வேண்டும், ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் முப்பரிமாணப் படம் காட்டும்போது அந்த இடைவெளியையும் ஒரு பட்டையாகக் காட்ட வேண்டும்.

தகுதிச் சுற்றுகளில் கேமரா ஓரளவு இருக்கிறது, சென்சார் இல்லை என்றால், வி.ஏ.ஆர் இருக்கட்டும், கோடு வேண்டாம். ஒரு சாண் தடுமாறும் கருவியை வைத்து மயிரிழையை அளப்பதைவிட, தெளிவாகத் தெரிவதை மட்டும் திருத்திவிட்டு மீதியை உதவி நடுவரிடம் விடுவது நேர்மை. வி.ஏ.ஆரே இல்லாமல் விடவும் முடியாது. 2021 மார்ச்சில் பெல்கிரேடில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ரொனால்டோ அடித்த பந்து கோட்டைத் தாண்டியும் கோல் கிடைக்கவில்லை, பார்க்க ரீப்ளேயும் இல்லை. கேப்டன் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் நடந்துபோனது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கும் கீழே, மூன்று நான்கு கேமராவோடு நடக்கும் தொடர்களுக்கு கோச் முறையீடு.

ஐந்து சென்டிமீட்டர் பட்டை டார்ட்மண்டில் இருந்திருந்தால் ஆண்டர்சன் கோல் நின்றிருக்கும். ஜெர்மனி அதற்குப் பிறகும் ஜெயித்திருக்கலாம். ஆனால் யூல்மண்ட் அன்று இரவு கைப்பேசியை எடுத்துக் காட்ட வேண்டியிருந்திருக்காது.